அழைப்பு மணியைப் பிடித்துத் தொங்கிய கிருமி

நீலாயில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் 1999-ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். புக்கிட் பெலாண்டோக் என்ற பெயர் உடனே வரும். நமக்கு அதிக தூரமில்லாத அந்த ஊரில் ராணுவத்தினர் பண்ணை பண்ணையாகப் பன்றிகளைச் சுட்டுப் புதைத்தார்கள்.

முதலில் அதை 'ஜே.இ.' காய்ச்சல் என்றார்கள். கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பண்ணையில் உழைத்த பெரியவர்கள். அந்த மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் இறந்தார்கள்.

கிருமி தெரிந்துவிட்டது. அது உடலுக்குள் எப்படி நுழைகிறது?

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்கும் வெளிச்சுவரில் 'ஏற்பிகள்' உண்டு. வீட்டு வாசலில் இருக்கும் அழைப்பு மணியைப் போல. வெளியே ஒருவர் அழுத்தினால், ஆள் உள்ளே வராமலே வீடு பரபரப்பாகும். பயந்தால் நெஞ்சு படபடப்பது ஏன்? அட்ரினலின் இதயச் செல்லின் மணியை அழுத்துகிறது. அந்த மணியை மூடி வைத்தால் இதயத்தின் வேகம் குறையும் என்று யோசித்த ஜேம்ஸ் பிளாக், 1960-களில் புரோபிரானலால் மருந்தை உருவாக்கினார். 1988-இல் நோபல் பரிசும் பெற்றார்.

நிப்பா பிடித்துக்கொள்ளும் மணியை 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் எஃப்ரின்-பி2. ரத்தக் குழாய்களும் நரம்புகளும் சரியான வழியில் வளர, பக்கத்துச் செல்களோடு பேசும் புரதம் இது. தமனிகளின் உட்சுவரிலும் மூளையின் நரம்புச் செல்களிலும் இருக்கிறது. அந்த நோயாளிகளுக்கு ஏன் மூளை வீங்கியது, ஏன் சிறு ரத்தக் குழாய்கள் சிதைந்தன என்ற கேள்விகளுக்கு அப்போதுதான் சரியான விளக்கம் கிடைத்தது.

இங்கே ஒரு சிக்கல். எஃப்ரின்-பி2 உடலுக்குத் தேவையானது. இதய மாத்திரை செய்வதுபோல இந்த மணியை மூடிவைத்துவிட முடியாது. ஆகவே ஆய்வாளர்கள் மணியை விட்டுவிட்டு, அதைப் பிடிக்கும் கையைக் கட்ட நினைத்தார்கள். எம்102.4 என்ற எதிர்ப்புப் புரதம் வைரஸின் மேலுள்ள புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பிறகு வைரஸால் செல்லைப் பிடிக்க முடியாது. 2018-இல் கோழிக்கோட்டில் நிப்பா பரவியபோது இந்த மருந்து ஆஸ்திரேலியாவிலிருந்து கேரளத்துக்கு வரவழைக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 40 ஆரோக்கியமானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பாதுகாப்பானது என்று 2020-இல் அறிவித்தார்கள்.

ஆனாலும் நிப்பாவுக்கென்று முறையாக அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. நோய் எப்போதாவது, சிலருக்கு மட்டுமே வருகிறது; அதனால் நோயாளிகளிடம் சோதித்து உறுதி செய்வது கடினம்.

நீலாயின் கல்லூரிகளில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளே, பாடப் புத்தகத்தில் 'ஏற்பி' என்ற சொல்லைப் பார்த்தால் மனப்பாடம் செய்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். நம் பக்கத்து ஊரில் தொடங்கிய ஒரு வேலை அந்தச் சொல்லில் பாதியில் நிற்கிறது.