தோல் லைனில் இருப்பவருக்கு பி.எம்.பி. எதற்கு என்கிறவர்களுக்கு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஆறேழு வருஷம் மெர்ச்சண்டைசராகவோ சாம்பிள் பிரிவுப் பொறுப்பாளராகவோ இருந்தவர், பி.எம்.பி. (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் புரொஃபெஷனல்) தேர்வு எழுதப்போகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும். டீக்கடையிலும் சரி, வீட்டிலும் சரி, ஒரே பதில்தான் வரும்: "அது ஐ.டி. பசங்க எழுதறதுப்பா. தோல் லைன்ல இருக்கறவனுக்கு எதுக்கு? தடிப் புத்தகத்தை நெட்டுரு போடணும், மெட்ராஸ்ல கிளாஸுக்குப் போகணும், இங்கிலீஷ் சரளமா வரணும். டிப்ளமோ படிச்சவனை எடுத்துக்கவே மாட்டாங்க." சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் இந்தப் பேச்சை நம்பி விண்ணப்பப் பக்கத்தைத் திறக்காமலே விட்டவர்கள் பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் இருக்கிறார்கள். அந்தப் பதிலில் ஒரு துண்டில் மட்டும் கொஞ்சம் உண்மை உண்டு. மற்றதெல்லாம் தவறு.

ஐ.டி. விஷயத்தை முதலில் பார்ப்போம். தேர்வை நடத்தும் பி.எம்.ஐ. (புராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) அமைப்பு அமெரிக்காவில் 1969இல் தொடங்கியது. தொடங்கியவர்களில் கட்டுமானத் துறைக்காரரும் மருந்துக் கம்பெனிக்காரரும் இருந்தார்கள். முதல் பி.எம்.பி. தேர்வு நடந்தது 1984இல். இன்று வி.ஐ.டி.யாக நிற்பது வேலூர் பொறியியல் கல்லூரியாகப் பிறந்த வருஷமும் அதுதான். நம் ஊர்ப் பிள்ளைகள் மென்பொருள் வேலைக்காகக் காட்பாடியில் ரயிலேறத் தொடங்கியது அதற்கு வெகுகாலம் கழித்து. பாடத்தில் வரும் கிரிட்டிக்கல் பாத் கணக்கு 1950களின் கடைசியில் டூபான்ட் என்ற ரசாயனக் கம்பெனிக்காக உருவானது. ஆலை கட்டும் வேலையையும், பழுதுபார்க்க ஆலையை நிறுத்தும் நாட்களையும் சுருக்குவதற்கான கணக்கு அது. ரசாயன ஆலையில் பிறந்த ஒன்று டிரம்மும் சுண்ணாம்புத் தொட்டியும் வைத்திருக்கிறவருக்கு அந்நியம் என்று சொல்வதில் நியாயமில்லை.

விஷயம் தெரிந்தவர்கள் வேறு விதமாக மடக்குவார்கள். ஒரே ஷூவை லட்சம் ஜோடி போடுவது புராஜெக்ட் இல்லை, ஆப்பரேஷன் என்பார்கள். அது சரியான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த லட்சம் ஜோடி லைனில் ஏறுவதற்கு முன்னால் நடப்பது என்ன? டிசைன் வருகிறது, லாஸ்ட் முடிவாகிறது, பேட்டர்ன் வெட்டுகிறார்கள், சோலுக்கு மோல்டு போகிறது, முதல் சாம்பிள், திருத்தம், கன்ஃபர்மேஷன் சாம்பிள், சைஸ் டிரயல். இதற்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவு உண்டு, முடிவில் முன்பு இல்லாத ஒன்று கையில் இருக்கிறது. புராஜெக்ட் என்ற சொல்லுக்கு பி.எம்.ஐ. தரும் விளக்கமும் இதுவேதான். புது லைன் அமைப்பது, டேனரியை எல்.டபிள்யூ.ஜி. (லெதர் ஒர்க்கிங் குரூப்) தணிக்கைக்குத் தயார்செய்வது, சுத்திகரிப்பு நிலையத்தில் ஆர்.ஓ. பிரிவு போடுவது எல்லாமே இந்தக் கணக்கில் வரும். ரம்ஜான் மாதத்தில் வேலை நேரம் மாறும், பக்ரீத் முடிந்ததும் பச்சைத் தோல் வந்து குவியும், ஐப்பசி மழையில் தோல் காயாது. இத்தனையையும் மனதில் வைத்து ஷிப்மென்ட் தேதியைப் பிடிக்கிறவருக்கு ஷெட்யூலும் ரிஸ்க்கும் புதுப் பாடமில்லை. அவற்றுக்குத் தேர்வு வைத்திருக்கும் பெயர்கள்தான் புதிது.

ஷூவை விடப் பெரிய ஒரு புராஜெக்ட்டை இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. டேனரிக் கழிவுக்கு எதிராக 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. ஐந்து மாவட்டங்களில் 900க்கும் மேற்பட்ட டேனரிகள் இயங்குவதாகவும், டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டதாகவும் அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். நவம்பர் 30க்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையமோ சொந்த ஏற்பாடோ இல்லாவிட்டால் மூட வேண்டும். கையில் இருந்தது மூன்று மாதம். அத்தனை வருஷமும் பாலாற்றங்கரை விவசாயி எந்த முதலாளியின் ஸ்டேக்ஹோல்டர் (வேலையால் பாதிக்கப்படுவோர்) பட்டியலில் இருந்தார்? பட்டியலில் இல்லாதவர்தான் கடைசியில் எல்லாருடைய தேதியையும் பட்ஜெட்டையும் தீர்மானித்தார். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டையில் கழிவுச்சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். ரிஸ்க் ரெஜிஸ்டர் என்பது தேர்வுக்காகப் படிக்கும் ஒரு அட்டவணை மட்டும்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

2021இல் வந்த பி.எம்.பி. பாடத்திட்டத்தில் சட்டம், சந்தை, சுற்றுச்சூழல் போன்ற வெளி விஷயங்கள் அடங்கிய பகுதிக்கு 8 சதவீதம்தான். எட்டுதானே என்று பலர் தாண்டிப் போவார்கள். 2026க்கான புதிய பாடத்திட்டத்தில் அது 26 சதவீதம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் கையில் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் பகுதியைக் கதை சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

அடுத்தது நெட்டுரு. இந்தப் பழக்கத்துக்குக் காரணம் உண்டு. பி.எம்.ஐ. வெளியிடும் வழிகாட்டியின் ஆறாம் பதிப்பு, 2017இல் வந்தது, 49 செயல்முறைகளை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உள்ளே போவது, கையாளும் கருவி, வெளியே வருவது என்று பட்டியல் போட்டது. அதைச் சுவரில் ஒட்டிவைத்துப் படித்தார்கள். 2021இன் ஏழாம் பதிப்பு அந்த அடுக்கை விட்டு 12 கோட்பாடுகளின் மேல் நின்றது. தேர்வும் மாறியது. 2021 வடிவத்தில் சுமார் பாதிக் கேள்விகள், வேலையைச் சிறு சுற்றுகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறையையும் கலப்பு முறையையும் சார்ந்தவை. பெரும்பாலானவை ஒரு சூழ்நிலையைச் சொல்லி, இப்போது நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்பவை.

நம் ஊர்க் கேள்வி ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். சைஸ் டிரயல் முடிந்துவிட்டது. ஷிப்மென்ட்டுக்கு ஏழு வாரம் இருக்கிறது. பையர் சோலின் நிறத்தை மாற்றச் சொல்கிறார். லைனில் வளர்ந்தவர் வாயில் முதலில் வருவது "ஓகே சார், பண்ணிடலாம்." ஃபோனை வைத்த கையோடு சோல் சப்ளையரைக் கூப்பிடுவார். தேர்வில் அது தவறு. கான்ட்ராக்டில் இல்லை, முடியாது என்பதும் தவறு. உடனே எம்.டி.யிடம் ஓடுவதும் தவறு. இந்த மாற்றத்தால் தேதி எத்தனை நாள் நகரும், செலவு எவ்வளவு ஏறும், ஏற்கெனவே வந்திறங்கிய சோல் என்னவாகும் என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு எழுத்தில் கொண்டுவந்து, ஒப்புதல் தர வேண்டியவரிடம் ஒப்புதல் வாங்கி, அதன் பிறகே சப்ளையர். அதே கேள்வியில் "இன்னும் சாம்பிள் கட்டம், வாரம் ஒரு முறை பையரோடு பார்த்துத் திருத்திக்கொள்ளும் முறையில் வேலை நடக்கிறது" என்று ஒரு வரி சேர்ந்தால் விடை வேறு. அங்கே மாற்றம் இயல்பானது. வேலைப் பட்டியலில் சேர்த்து, எதை முன்னால் செய்வது என்று பையர் தரப்போடு முடிவெடுப்பதே சரி.

அனுபவசாலிகள் இந்தத் தேர்வில் தடுமாறுவது பாடம் தெரியாததால் அல்ல. கம்பெனியில் தினமும் செய்வதையே விடையாகக் குறித்துவிடுகிறார்கள். ஆகவே நான் சொல்லும் தயாரிப்பு புத்தகத்தில் தொடங்குவதில்லை. முடிந்துபோன ஒரு சீசனின் ஃபைலை எடுங்கள். எந்தெந்த மெயிலுக்கு யோசிக்காமல் சரி சொன்னோம், அதில் எது கடைசியில் கப்பலில் போக வேண்டிய சரக்கைக் கம்பெனி செலவில் விமானத்தில் ஏற்றியது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு மாற்றக் கட்டுப்பாடு என்ற பாடத்தைப் படித்தால் அது மறக்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் "வந்த கேள்விகள்" பி.டி.எஃப். பக்கம் போகாதீர்கள். கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொருவரும் தேர்வில் உட்காருகிறார்கள். திருட்டுக் கேள்வியில் படித்து வாங்கும் சான்றிதழ் கையில் நிலைக்காது.

டிப்ளமோவுக்குக் கிடையாது என்பது நேராகவே பொய். பட்டம் பெற்றவருக்கு புராஜெக்ட் நடத்திய அனுபவம் 36 மாதம் வேண்டும். பாலிடெக்னிக் டிப்ளமோவோ பிளஸ் டூவோ படித்தவருக்கு 60 மாதம். விசிட்டிங் கார்டில் மேனேஜர் என்று இருக்க வேண்டியதில்லை, வேலையை முன்னின்று நடத்தியிருக்க வேண்டும். பி.காம். முடித்துச் சாம்பிள் பிரிவுக்கு வந்து, இன்று நான்கு பையர்களைத் தனியாகச் சமாளிக்கும் பெண்கள் தங்களை "ஆர்டர் ஃபாலோ-அப்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். விண்ணப்பத்தில் அந்த ஒரு சொல் எழுதினால் போதாது. நோக்கம் என்ன, பொறுப்பு என்ன, முடிவு என்ன என்று எழுத வேண்டும். ஒரே மாதத்தில் நான்கு ஆர்டர் ஓடினாலும் அது ஒரு மாதம்தான். சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள், உங்கள் மேலதிகாரி சான்று தர வேண்டிவரும், ஆகவே கூட்டி எழுத வேண்டாம். அனுபவம் போதாதவர்களுக்கு 23 மணி நேர வகுப்போடு கேப்.எம். என்ற பி.எம்.ஐ.யின் தொடக்கநிலைத் தேர்வு இருக்கிறது.

மெட்ராஸ் கிளாஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 35 மணி நேர வகுப்பு கட்டாயம், அதை ஆன்லைனில் முடிக்கலாம். தேர்வையும் வீட்டிலிருந்தே எழுத வழி இருக்கிறது. மின்வெட்டும் இணையமும் பயமுறுத்தினால் அந்த ஒரு நாள் மட்டும் மையத்துக்குப் போய்வரலாம்.

இங்கிலீஷ் விஷயத்தில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது. தமிழில் தேர்வு கிடையாது. 2021 வடிவத்தில் 180 கேள்விகளுக்கு 230 நிமிடம், ஒன்றுக்குச் சுமார் 77 நொடி. நாலைந்து வரிச் சூழ்நிலையைப் படித்து, நான்கு விடையையும் படித்து முடிவெடுக்க அது அதிக நேரமில்லை. ஆனால் அங்கே சரளமாகப் பேசச் சொல்லவில்லை, வேகமாகப் படிக்கத்தான் சொல்கிறார்கள். ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வரும் அரைகுறை இங்கிலீஷ் மெயிலில் பையர் உண்மையில் எதற்குக் கவலைப்படுகிறார் என்று கண்டுபிடித்துப் பழகியவர்கள் நீங்கள். நாளைக் காலை வரும் முதல் மெயிலை 77 நொடிக்குள் படியுங்கள். பதில் எழுதுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: இவர் என்ன கேட்கிறார், நான் முதலில் யாரைக் கேட்க வேண்டும்.