கொட்டாங்குச்சி கார்பன் பிசினஸ்: டெக்னாலஜி நிஜம், உங்க பணம் பத்திரமா?

"கொட்டாங்குச்சியில இருந்து எலக்ட்ரானிக்ஸ் கார்பன் தயாரிக்கிறோம், 5 லட்சம் போட்டா மாசம் 3% தர்றோம்"னு யாராவது உங்ககிட்ட வந்தா என்ன செய்யணும்? என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: டெக்னாலஜியை நம்புங்க, அந்த 3 சதவீதத்தை நம்பாதீங்க.

டெக்னாலஜி உண்மைதான். கொட்டாங்குச்சியைக் காற்று அதிகம் படாம சுட்டா கரி. அந்தக் கரியை 800 டிகிரிக்கு மேல நீராவியில வாட்டினா ஆக்டிவேட்டட் கார்பன். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். நல்ல கார்பன்ல ஒரே ஒரு கிராமுக்குள்ள 1,500 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். நம்ம ஊர் கணக்குல ஆறு கிரவுண்டுக்கு மேல! சட்டுனு சார்ஜ் ஆகிற சூப்பர் கெபாசிட்டருக்கு இந்தப் பரப்புதான் தேவை. ஜப்பானோட குராரே நிறுவனம் கொட்டாங்குச்சி கார்பனைத்தான் இதுக்காக விக்குது. நெல் உமியில இருந்து கார்பன் தயாரிக்கற முறையை சோனி உருவாக்கியிருக்கு.

அப்புறம் என்ன பிரச்சனை? மூணு விஷயம்.

ஒண்ணு, "கழிவு, அதனால சும்மா கிடைக்கும்"ங்கற பேச்சு. காங்கேயம், பொள்ளாச்சி பக்கம் போய் கேட்டுப் பாருங்க, கொட்டாங்குச்சிக்கு எடை போட்டுக் காசு. மூணு, நாலு கிலோ சுட்டாதான் ஒரு கிலோ கரி. தேங்காய் வரத்து குறைஞ்சா விலை ஏறும். கழிவுக்கு டிமாண்ட் வந்த அன்னைக்கே அது மூலப்பொருள் ஆயிடுது. லாபக் கணக்குல மூலப்பொருள் செலவை பூஜ்யம்னு போட்டிருந்தா அந்தப் பேப்பரை மூடி வெச்சிடுங்க.

ரெண்டு, தரம். ஆக்டிவேட்டட் கார்பன் பெரும்பாலும் போறது தண்ணீர் ஃபில்டர், தங்கம் பிரிக்கிற ஆலை மாதிரி இடங்களுக்கு. எலக்ட்ரானிக்ஸுக்குப் போகணும்னா சாம்பலும் இரும்பு மாதிரி உலோகக் கலப்பும் ரொம்ப ரொம்பக் குறைவா இருக்கணும். கரி சுடத் தெரிஞ்ச எல்லாராலயும் இது முடியாது. "பேட்டரி கம்பெனிக்கு சப்ளை"னு சொன்னா, பர்ச்சேஸ் ஆர்டரைக் காட்டச் சொல்லுங்க.

மூணு, உங்க பணம் எந்த வடிவத்துல உள்ளே போகுது? மாசாமாசம் நிச்சய வருமானம்னு சொல்லி பொதுமக்கள்கிட்ட, எந்த ரெகுலேட்டர்கிட்டயும் பதிவு செய்யாம டெபாசிட் வாங்கறது 2019 சட்டப்படி தடை. "டெபாசிட் இல்ல சார், ஷேர்"னு சொன்னா? பிரைவேட் லிமிடெட் கம்பெனி விளம்பரம் பண்ணி ஷேர் விக்கக் கூடாது. பிரைவேட் பிளேஸ்மென்ட்லயும் ஒரு நிதியாண்டுக்கு 200 பேர்தான் உச்சவரம்பு. வாட்ஸ்அப் குரூப்ல ஆஃபர் வந்தா, அதுவே உங்களுக்கு பதில்.

இப்ப லோன் கணக்கு. 5 லட்சம், 14% வட்டி, மூணு வருஷம்: இஎம்ஐ சுமார் 17,100 ரூபாய். அவங்க தர்றதா சொல்ற 3% ஒழுங்கா வந்தாலே 15,000தான். மாசம் 2,100 உங்க கையை விட்டுப் போகும். வரவு நின்னுபோச்சுன்னா? 17,100 முழுசும் உங்க சம்பளத்துல இருந்து. உங்களை நம்பி வீட்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு ஒரு தடவை யோசிங்க.

அப்ப இந்தத் துறையே வேண்டாமா? அப்படிச் சொல்லல. லிஸ்டட் கம்பெனியா பாருங்க. ஆண்டறிக்கையில செக்மென்ட் வருமானத்தைப் படிங்க. மொத்த வருமானத்துல 10 சதவீதமோ அதுக்கு மேலயோ ஒரே வாடிக்கையாளர்கிட்ட இருந்து வந்தா, அதை அங்கே சொல்லியிருக்கணும். லிஸ்ட் ஆகாத கம்பெனியா? எம்சிஏ தளத்துல 100 ரூபாய் கட்டினா அவங்க தாக்கல் செஞ்ச பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்கலாம். 5 லட்சம் போடறதுக்கு முன்னாடி 100 ரூபாய் செலவு பண்ண யோசிக்காதீங்க. அப்புறமும் ஆசை இருந்தா, எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் போக மிச்சம் இருக்கறதுல ஒரு சின்னப் பங்கு மட்டும். கடன் வாங்கி, ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

இந்த மாதிரி ஆஃபர் வந்திருக்கற நண்பருக்கு இதை இன்னைக்கே அனுப்புங்க. அவர் கையெழுத்துப் போட்டதுக்கு அப்புறம் அனுப்பி பிரயோஜனம் இல்ல.