அழைத்தது ஆண்டவர்... தடுத்தது யார்?

பூம்புகாரிலிருந்து கடலோரமாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. அங்கே போகிறவர்கள் சீகன்பால்க் கதையைக் கேட்காமல் திரும்புவதில்லை. ஜெர்மனியில் உடல்நலம் குன்றிய ஒரு இளைஞர். டென்மார்க் அரசரிடமிருந்து எதிர்பாராத அழைப்பு. 1706 ஜூலை 9ல் இங்கே வந்து சேர்ந்தார். 1715ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது.

தேவ அழைப்பைப் பற்றிய பிரசங்கங்கள் எல்லாம் இதே அச்சுதான். அழைத்தார், கீழ்ப்படிந்தார், முடிந்தது! அது ஆண்டவருக்கும் அந்த ஆளுக்கும் உள்ள விவகாரம். மற்றவர்களுக்கு கைதட்டுகிற வேலை மட்டும்.

அப்படியா?

அதே தரங்கம்பாடியில் இன்னொரு கதை உண்டு. அதை யாரும் பிரசங்கிப்பதில்லை. ராஜநாயக்கன், தஞ்சாவூர் ராஜாவின் படைவீரர். கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சான வேதப் புத்தகம் கைக்கு வந்தது. படித்தார். படையை விட்டு உபதேசியார் ஆனார். சாகும்வரை ஊழியம் செய்தார். எதிர்பாராத அழைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

ஆனால் 1741ல் குருப்பட்டம் கொடுக்கிற நேரம் வந்தபோது அவரைத் தாண்டி தியோகு என்பவருக்குக் கொடுத்தார்கள். காரணம்? ராஜநாயக்கன் பறையர். அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்குவார்களா என்று மிஷனரிகள் கணக்குப் போட்டார்கள்.

"அந்தக் காலம் அப்படி" என்று சமாதானம் சொல்வார்கள். அதே காலம்தானே! கோட்டைத் தளபதியோடு மோதி 1708ல் சீகன்பால்க் சிறைக்குப் போகவில்லையா? அதிகாரத்தை எதிர்க்கத் துணிந்த மிஷனுக்கு, சொந்த சபையின் சாதியை எதிர்க்கத் துணிவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வேதத்தில் சிறுவன் சாமுவேலுக்கு மூன்று முறை குரல் கேட்டும் புரியவில்லை. அது ஆண்டவரின் குரல் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் கிழவர் ஏலி. அந்தச் செய்தி தன் வீட்டுக்கே எதிரானது என்று தெரிந்த பிறகும் அவர் அதைத் தடுக்கவில்லை. ஏலி வாயை மூடியிருந்தால் சாமுவேல் தூங்கப் போயிருப்பான்!

ஆகவே "எனக்கு அழைப்பு வருமா?" என்று காத்திருப்பது பாதிக் கேள்விதான். மீதிப் பாதி கஷ்டமானது. பக்கத்தில் இருப்பவனுக்கு, அதுவும் யாரும் எதிர்பாராத ஒருவனுக்கு, அழைப்பு வந்தால் சபை எழுந்து வழி விடுமா? சீகன்பால்க்குக்கு வருஷா வருஷம் மாலை போடுகிறவர்கள் ராஜநாயக்கனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.