காரணம் தெரியாமல் தீர்ப்பு எழுதலாமா?

கணினி திடீர் திடீரென அணைந்தால் பழுது பார்ப்பது வீண், புதிது வாங்குவதே சிக்கனம் என்று வாதிடப்படுகிறது. நோயைக் கண்டறியாமலே கைவிரிக்கும் வாதம் இது.

அந்த வாதத்துக்குச் சான்றாகக் காட்டப்படும் ‘கெர்னல் பவர் 41’ என்ற விண்டோஸ் பதிவு, கணினி முறையாக அணையவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

சோதனை செலவில்லாததிலிருந்து தொடங்க வேண்டும். கனமான வேலையின்போது மட்டும் அணைந்தால் முதல் சந்தேகம் வெப்பத்தின் மீது. தூசி தட்டி, பிராசஸருக்குப் புதிய தெர்மல் பேஸ்ட் தடவினால் பல கணினிகள் பிழைத்துக்கொள்ளும். எந்த ஒழுங்குமில்லாமல் விண்டோஸின் நீலப் பிழைத்திரை வந்தால் ரேமைச் சோதிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற சோதனை நிரல் இரவு முழுவதும் ஓடட்டும். பிழை காட்டினால், ரேம்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்துப் பழுதானதைப் பிரித்துவிடலாம். கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். மட்டும் ஏமாற்றும்: சும்மா இருக்கையில் மல்டிமீட்டரில் சரியாகக் காட்டி, சுமை ஏறியதும் தடுமாறும். வேறொன்றை இரவல் வாங்கி மாற்றிப் பார்ப்பதே அதற்கு வழி.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும். இத்தனையும் பார்த்த பிறகே மதர்போர்டின் மீது பழி போடலாம். புதுக் கணினிப் பேச்சு அதற்கும் பிறகுதான்.