வெண்கண்டல்

ஆஸ்திரேலியாவினின்று 1843ஆம் ஆண்டில் நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்ட தைலமரத்தை இன்று தமிழ்நாட்டுச் சிறுவரும் அதன் மணங்கொண்டே அறிவர். எண்ணூர்க் கழியில் இயல்பாக வளரும் வெண்கண்டலையோ மீனவர் அறிவர். நகரத்தாருட் பலர் சேற்றுப்புதர் என்று கூறி அகல்வர். வந்த மரத்தை அறிந்து சொந்த மரத்தை அறியாதிருத்தல் தகுமோ?

சங்கப் புலவர் நெய்தற் பாடல்களிற் போற்றிய கண்டல் இனத்தைச் சேர்ந்தது இம்மரம். இதனை அறிதல் அரிதன்று. கொசத்தலையாறு கடலொடு கலக்கும் கழியில் நீர் வடியும் வேளையிற் காண்போமாயின், மரத்தைச் சூழ்ந்த சேற்றினின்று எழுதுகோல்களை நட்டாற்போல எண்ணிறந்த வேர்கள் மேல்நோக்கி நிற்கும். சேற்றினுட் காற்று அரிதாகலின், மரம் இவற்றின் வாயிலாக மூச்சு விடுகின்றது. பிச்சாவரத்திற் காணும் சுரபுன்னையோ அடிமரத்தினின்று வில்போல் வளைந்த வேர்களை ஊன்றி நிற்கும். வெண்கண்டலின் இலைகள் எதிரெதிராக அமைந்தவை, மேற்புறம் பசுமையாய்ப் பளபளக்கும், கீழ்ப்புறம் வெளிறியிருக்கும். உறிஞ்சிய உப்பை இலை வெளியிடுதலால், அதன்மேல் வெண்பொடிபோல் உப்புப் படிந்திருத்தலும் உண்டு. விதை மரத்திலிருக்கும்போதே கனித்தோலினுள் முளைவிட்டு, வீழ்ந்தபின் நீரில் மிதந்து சென்று, சேறு கண்ட இடத்தில் வேரூன்றும்.

இவ்வேர்களிடையே இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அலையின் விசை தணிந்து கரையும் காக்கப்படுகின்றது. இத்தகைய கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பரவி, மூச்சு வேர்களிற் கரிய பிசினென ஒட்டியது. மூக்கை அடைத்தபின் எவ்வுயிர் வாழும்?

தொழிற்சாலைகள் வேண்டாவோ எனின், வேண்டும். துறைமுகமும் மின்னிலையமும் நாட்டிற்கு இன்றியமையாதன. ஆயினும், அவற்றின் கழிவைக் கழியில் விடுதல் இன்றியமையாதது அன்று. அழிந்த மரங்களுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடுவோம் என்பாரும் உளர். ஓதம் ஏறி இறங்கும் உவர்ச்சேற்றில் வாழும் மரத்திற்குச் சாலையோரத்துச் செடி ஈடாகுமோ? அம்மரம் செய்யும் பணியை அது செய்யுமோ?

ஆதலின், இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பயிலும் மாணவர் இம்மரத்தை வேரும் இலையும் கண்டு அறிதல் வேண்டும். பெயர் அறிந்தவரே, ஒன்று அழியும்போது இன்னது அழிகின்றது என்று உணர்வர். உணர்ந்தவரே அதனைக் காக்க முற்படுவர்.