கர்ப்பப்பை மேல் ஏன் பழி?

"கர்ப்பப்பையைச் சரிசெய்யுங்கள், தைராய்டு தானே ஓடிவிடும்." காலை நேர டி.வி. நிகழ்ச்சிகளில் வருஷக்கணக்காகக் கேட்டுச் சலித்த வாசகம். அண்மையில் ஒரு மகளிர் தின மேடையிலும் ஒருவர் முழங்கினார். கைதட்டல் வேறு. ஈஸ்ட்ரோஜன் கூடிப்போவதால்தான் தைராய்டு வருகிறதாம். கஷாயத்தால் அதை அடக்கிவிட்டால் மாத்திரையைக் குப்பையில் போடலாமாம்.

ஈஸ்ட்ரோஜனை முக்கியமாகச் சுரப்பது சினைப்பை, கர்ப்பப்பை அல்ல. பேச்சாளருக்கு முகவரியே தெரியவில்லை.

 

மாதவிலக்குக் கோளாறுதான் தைராய்டைக் கொண்டுவருகிறது என்றார். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். தைராய்டு சுரப்பு குறைந்தால் மூளை அதைத் தூண்டப் பார்க்கும். அந்தத் தூண்டல் புரோலாக்டின் என்ற ஹார்மோனையும் ஏற்றிவிடும். கருமுட்டை வெளிவருவது தடைபடும், தீட்டு தள்ளிப்போகும், சிலருக்கு நிற்காமல் படும். கோளாறு கழுத்தில், பழி அடிவயிற்றுக்கு! அந்தச் சுரப்பியை நம் எதிர்ப்புச் சக்தியே அரிக்கும் நோயை ஹாஷிமோட்டோ என்ற மருத்துவர் 1912-லேயே நான்கு பெண்களிடம் கண்டு எழுதிவிட்டார். எந்தக் கஷாயம் அதை நிறுத்துமாம்?

ஈஸ்ட்ரோஜனுக்குப் பங்கே இல்லையா? உண்டு, அவர் சொல்லாத இடத்தில். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏற, ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான தைராக்சினைப் பிடித்துவைக்கும் புரதமும் கூடும். நல்ல சுரப்பி கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். மாத்திரையை நம்பியிருப்பவளுக்கு அது முடியாது. டோஸைத்தான் கூட்ட வேண்டும், பலருக்கு 25 முதல் 30 சதவீதம் வரை. வயிற்றுப் பிள்ளையின் சுரப்பி ஓரளவு தன் காலில் நிற்கவே நாலைந்து மாதமாகும். அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்சின்தான் கதி. நம் வீடுகளில் நடப்பதென்ன? பரிசோதனை அட்டையில் இரண்டு கோடு தெரிந்ததுமே மாத்திரை டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போகிறது. "இனி எதுக்கும்மா இங்கிலீஷ் மருந்து, பிள்ளைக்கு ஆகாது" என்கிறார் மாமியார். கூட்ட வேண்டிய நேரத்தில் நிறுத்துகிறார்கள். மேடையில் கைதட்டல் வாங்கிய வாசகம் வேலை செய்வது இப்படித்தான்.

தைராய்டு மாத்திரை சாப்பிடும் பெண்களே, கர்ப்பம் என்று தெரிந்தால் நிறுத்தாதீர்கள். அந்த வாரமே டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அரைமணி கழித்து. இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள்.