பழைய கேசட்டுக்குள் பறக்கும் ராக்கெட்!

சேர்ப்பவர் பைத்தியக்காரரா? காவல்காரரா?

சந்திரனில் மனிதன் கால் வைத்தது 1969-ம் ஆண்டில். ஆனால் சினிமாக்காரர்கள் அதற்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே போய் வந்து விட்டார்கள்!

1902-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில் "சந்திரனுக்கு ஒரு பயணம்" என்ற படம் வந்தது. பேசாத படம். ஓடும் நேரம் ஏறக்குறைய கால் மணிதான். பெரிய பீரங்கியில் ஆட்களை வைத்துச் சுடுவார்கள். குண்டு பறந்து போய்ச் சந்திரனின் கண்ணில் குத்தும்!

அதன் பிறகு எத்தனையோ ஆகாயப் படங்கள் வந்தன. 1950-ம் ஆண்டில் "டெஸ்டினேஷன் மூன்" வந்தது. 1956-ல் வந்த "பார்பிடன் பிளானட்" படத்தில் ராபி என்ற யந்திர மனிதன் நடமாடியது. 1968-ல் "2001: எ ஸ்பேஸ் ஒடிசி" வந்தது. 1977-ல் "ஸ்டார் வார்ஸ்" வந்து உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது.

இந்தப் படங்களைச் சேர்த்து வைப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் என்று பல நாடுகளில் இருக்கிறார்கள்.

அவர்கள் தேடுவது புதிய பிரதிகளை அல்ல. கடையில் இப்போது விற்காத பழைய கேசட். போட்டுப் பார்க்க யந்திரமே கிடைக்காத பழைய தட்டு. இவைதான் அவர்களுக்கு வேண்டும்.

"பணத்துக்குப் பிடித்த கேடு! செல்போனைத் தட்டினால் படம் வருகிறதே! இந்தக் குப்பை எதற்கு?" என்று வீட்டார் கேட்கிறார்கள்.

குப்பை அல்ல என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது என்ன என்று பின்னால் சொல்கிறேன். முதலில், சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம்.

பூட்சு ஆன படம்!

சந்திரன் படத்தை எடுத்தவர் பெயர் ஜார்ஜ் மெலியே. நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தவர். மாயாஜாலத்தில் மன்னர்.

முதல் உலகப் போர் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளம் அவருடைய படச் சுருள்களை எடுத்துக் கொண்டு போனது. எதற்கு? பார்ப்பதற்கு அல்ல. உருக்குவதற்கு! உருக்கி, சிப்பாய்களின் பூட்சுக்குக் குதிகால் செய்தார்கள்.

மீதி இருந்ததை 1923-ம் ஆண்டில் மெலியேயே தீயில் போட்டார். கடன் தொல்லை, மன வேதனை. பிறகு அவர் பாரிஸ் நகரில் ஒரு ரெயில் நிலையத்தில் பொம்மைக் கடையில் உட்கார்ந்து வியாபாரம் செய்தார்.

அப்படியானால் சந்திரன் படம் எப்படித் தப்பியது? வேறு வேறு ஆட்களிடம் பிரதிகள் இருந்தன. அதனால் தப்பியது.

அந்தக் காலத்தில் படத்துக்குக் கையால் வர்ணம் பூசுவதும் உண்டு. வர்ணம் பூசிய சந்திரன் படம் தொலைந்தே போய் விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். 1993-ம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனா நகரப் படக் காப்பகத்துக்கு ஒருவர் பழைய சுருள்களைக் கொடுத்தார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று சொல்லி விட்டார். அதற்குள் இருந்தது அந்த வர்ணப் படம்!

சுருள் முழுவதும் ஒட்டிப் பிடித்துக் கல்லாகி இருந்தது. நிபுணர்கள் பல ஆண்டு பாடுபட்டுப் பிரித்தார்கள். 2011-ம் ஆண்டில் கான் பட விழாவில் அதைத் திரையிட்டார்கள். 109 வயதுப் படம் மறுபடியும் பிறந்தது!

எடுத்தவரே கொளுத்தியதை, யாரோ ஒருவர் காத்து வைத்திருந்தார். சேர்ப்பவரின் பெருமை இதுதான்.

ஊசியில் ஓடிய சினிமா

பழைய நாளில் சினிமா பார்க்கக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். அது எப்படி வீட்டுக்கு வந்தது?

1965-ம் ஆண்டில் "சூப்பர் 8" என்ற சின்ன பிலிம் வந்தது. வீட்டுச் சுவரில் படம் காட்டலாம். ஆனால் விற்றவை பெரும்பாலும் துண்டுப் படங்கள். "ஸ்டார் வார்ஸ்" 2 மணி நேரப் படம். அதில் 8 நிமிடத்தை மட்டும் வெட்டி விற்றார்கள்!

1975-ம் ஆண்டில் ஜப்பானின் சோனி கம்பெனி "பீட்டாமாக்ஸ்" கேசட்டைக் கொண்டு வந்தது. அடுத்த ஆண்டே ஜே.வி.சி. கம்பெனி "வி.எச்.எஸ்." கேசட்டைக் கொண்டு வந்தது. முதலில் வந்த பீட்டாமாக்ஸ் கேசட் 1 மணி நேரமே ஓடியது. வி.எச்.எஸ். 2 மணி நேரம் ஓடியது. ஒரு சினிமாப் படமோ 2 மணி நேரம். பிறகு யார் ஜெயிப்பார்கள்?

தட்டுகளும் வந்தன. 1978-ம் ஆண்டில் "லேசர் தட்டு" விற்பனைக்கு வந்தது. பார்ப்பதற்கு டி.வி.டி. மாதிரி இருக்கும். ஆனால் அளவு 30 சென்டிமீட்டர்! சாப்பாட்டுத் தட்டு அளவு.

1981-ம் ஆண்டில் ஆர்.சி.ஏ. கம்பெனி இன்னொரு தட்டைக் கொண்டு வந்தது. கிராமபோன் தட்டைப் போல இதிலும் பள்ளத்தில் ஊசி ஓடும். பாட்டு மட்டும் அல்ல, படமும் வரும்! பெரிய அதிசயம்தான். ஆனால் ஜனங்கள் வாங்கவில்லை. 3 ஆண்டுகளில் யந்திரம் செய்வதையே கம்பெனி நிறுத்தி விட்டது. நஷ்டம் சுமார் 60 கோடி டாலர்!

ஒவ்வொன்றாக எல்லாம் மூடப்பட்டன. பீட்டாமாக்ஸ் யந்திரம் 2002-ல் நின்றது. லேசர் தட்டு யந்திரம் 2009-ல் நின்றது. நாம் "டெக்" என்று சொன்னோமே, அந்த வி.எச்.எஸ். யந்திரத்தைக் கடைசியாகச் செய்து வந்த ஜப்பான் கம்பெனியும் 2016-ல் கடையைக் கட்டியது.

இன்று கேசட் இருந்தால் டெக் இல்லை. டெக் இருந்தால் உள்ளே போட ரப்பர் பட்டை இல்லை. ஆகையால், சேர்ப்பவர்கள் பழுது பார்க்கும் தொழிலையும் கற்றுக் கொள்கிறார்கள்.

முதலில் சுட்டது யார்?

"அதே படம் புதிதாகவும் கிடைக்கிறதே?" என்று கேட்கலாம். அங்கேதான் சங்கதி இருக்கிறது. அது அதே படம்தானா?

"ஸ்டார் வார்ஸ்" படத்தில் ஒரு சாராயக் கடைக் காட்சி வரும். கதாநாயகனின் நண்பனை ஒருவன் துப்பாக்கியோடு மிரட்டுவான். 1977-ல் வந்த படத்தில், நண்பன்தான் சுடுவான்.

1997-ம் ஆண்டில் படத்தை எடுத்தவர் ஜார்ஜ் லூக்காஸ் அதைத் திருத்தி வெளியிட்டார். புதுக் காட்சிகளைச் சேர்த்தார். சாராயக் கடையில் எதிரி முதலில் சுடுவதாக மாற்றினார். நண்பன் நல்லவனாகி விட்டான்!

ரசிகர்களுக்குக் கோபம் வந்தது. "நாங்கள் சிறு வயதில் பார்த்த படம் எங்கே?" என்று கேட்டார்கள். நல்ல தரத்தில் அது எதில் இருந்தது தெரியுமா? 1993-ல் வந்த லேசர் தட்டில். 2006-ம் ஆண்டில் கம்பெனியே பழைய படத்தை டி.வி.டி.யில் போட்டபோது, அந்த லேசர் தட்டுக்காகத் தயாரித்த பிரதியைத்தான் எடுத்துப் போட்டது!

ருஷியப் படம் ஒன்றுக்கும் இதே கதிதான். 1962-ல் "பிளானெட்டா பூர்" என்ற படம் வந்தது. "புயல் கிரகம்" என்று அர்த்தம். வெள்ளிக் கிரகத்துக்குப் போகும் கதை. அமெரிக்கர்கள் அதை வாங்கினார்கள், வெட்டினார்கள், தங்கள் நடிகர்களை நுழைத்தார்கள். 1965-ல் ஒரு படம், 1968-ல் இன்னொரு படம் என்று இரண்டு படம் பண்ணி விட்டார்கள்!

படத்தை எடுத்தவருக்குத் திருத்த உரிமை உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் பழையதை மறைக்கக் கூடாது. இரண்டையும் கடையில் வையுங்கள். எது நல்லது என்று ஜனங்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

இன்டர்நெட்டில் இன்று இருக்கும் படம் நாளை இருக்கும் என்று உறுதி இல்லை. இருந்தாலும் மாறி இருக்கலாம். அலமாரியில் இருக்கும் கேசட்டை எவரும் வந்து திருத்த முடியாது.

ரசிகர் வீட்டில் கிடைத்த வர்ணம்

இங்கிலாந்தில் "டாக்டர் ஹூ" என்று ஒரு டெலிவிஷன் தொடர் உண்டு. 1963-ல் தொடங்கியது. ஆகாயத்திலும் காலத்திலும் பறந்து போகும் ஒருவரின் கதை.

அந்த நாளில் டெலிவிஷன் டேப் விலை அதிகம். ஆகவே பி.பி.சி. நிலையம் பழைய பகுதிகளை அழித்து, அதே டேப்பில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்தது. இப்படிப் போனதில் ஏறக்குறைய 100 பகுதிகள் பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகும் கிடைக்கவில்லை.

ஆனால் தொலைந்த எல்லாப் பகுதிகளுக்கும் சத்தம் மட்டும் இருக்கிறது! எப்படி? ரசிகர்கள் வீட்டில் டேப் ரிக்கார்டரை வைத்து, வசனத்தையும் இசையையும் பதிவு செய்திருந்தார்கள்.

1970, 1971-ம் ஆண்டுக் கதைகள் சிலவற்றுக்கு பி.பி.சி.யிடம் கறுப்பு வெள்ளைப் பிரதிதான் மிஞ்சியது. அமெரிக்காவில் ஒரு ரசிகர் அவற்றை வீட்டு யந்திரத்தில் வர்ணத்தோடு பதிவு செய்து வைத்திருந்தார். பி.பி.சி.யின் படத்தையும் ரசிகரின் வர்ணத்தையும் சேர்த்து, மறுபடியும் வர்ணப் படம் ஆக்கினார்கள்.

வீட்டில் பதிவு செய்வதே திருட்டு என்று அமெரிக்காவில் யூனிவர்சல், டிஸ்னி கம்பெனிகள் சோனி மீது வழக்குப் போட்டது உண்டு. 1984-ம் ஆண்டில் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றம் அல்ல என்று 9 நீதிபதிகளில் 5 பேர் சொன்னார்கள். ஒரே ஓட்டில் தப்பியது வீட்டு வீடியோ!

75 ஆயிரம் டாலர் கேசட்!

இனி நான் சொன்ன நிபந்தனைக்கு வருகிறேன்.

சேர்ப்பவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்தார் கேசட்டைப் பிரிப்பதே இல்லை. கடையில் வந்த உறையோடு கண்ணாடி போன்ற பெட்டியில் வைத்து மூடி, ஏலம் விடுகிறார்கள். 2022-ம் ஆண்டில் அமெரிக்காவில் "பேக் டு தி பியூச்சர்" படத்தின் பிரிக்காத கேசட் ஒன்று 75 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது!

இது படம் சேர்ப்பதா? அட்டைப் பெட்டி சேர்ப்பது என்றே நான் சொல்வேன்.

ஏன் என்று கேளுங்கள். கேசட்டுக்குள் இருப்பது பிளாஸ்டிக் நாடா. அதன் மேல் மெல்லிய காந்தத் தூளைப் பசை போட்டு ஒட்டி இருக்கிறார்கள். படம் இருப்பது அந்தத் தூளில். பசை காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நாளடைவில் பிசுபிசுக்கும். பூஞ்சணம் பிடிக்கும். தூள் உதிரும். தூள் உதிர்ந்தால் படமும் உதிர்ந்தது.

லேசர் தட்டும் சாசுவதம் அல்ல. ஒட்டு சரி இல்லாத தட்டுகளில் உள்ளே இருக்கும் அலுமினியம் அரித்து விடும். படம் முழுவதும் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் தேசியப் படக் காப்பகம் 2015-ம் ஆண்டிலேயே எச்சரிக்கை செய்தது. 2025-க்குள் பிரதி எடுக்காத டேப்புகள் பெரும்பாலும் கை நழுவிப் போகும் என்று சொன்னது. அந்த ஆண்டும் கடந்து விட்டது.

பிரிக்காத கேசட்டில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? 75 ஆயிரம் டாலர் கொடுத்து வெறும் பூஞ்சணத்தையும் வாங்கலாம்!

இரண்டாவது ரகத்தார் வேறு மாதிரி. டெக்கைப் பழுது பார்க்கிறார்கள். நாடாவைத் துடைக்கிறார்கள். போட்டுப் பார்க்கிறார்கள். எந்த ஆண்டுப் பதிப்பு, எந்தக் காட்சி வேறுபடுகிறது என்று எழுதி வைக்கிறார்கள். கெடுவதற்கு முன் பிரதி எடுக்கிறார்கள். காப்பகம் கேட்டால் கொடுக்கிறார்கள். இவர்கள்தான் காவல்காரர்கள்.

ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கேசட்டில் படம் அவ்வளவு தெளிவாக இராது. அதே படம், அதே வடிவில், நல்ல புதிய பிரதியாகக் கிடைத்தால் கேசட்டைக் கட்டி அழ வேண்டியது இல்லை. வேறு எதிலும் இல்லாததைத் தேடுவதே புத்திசாலித்தனம். பிரதி எடுத்து ஊரெல்லாம் விற்பதும் தப்பு; படத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்.

நம் வீட்டு டேப்

நம் வீடுகளில் ஆகாயப் படக் கேசட் இராது. ஆனால் கல்யாணக் கேசட் இருக்கலாம். 1980, 1990-ம் ஆண்டுகளில் எடுத்த கல்யாண வீடியோக்கள் அதே வி.எச்.எஸ். கேசட்டில்தான் இருக்கின்றன. அதே தூள், அதே பசை. "ஸ்டார் வார்ஸ்" கேசட் உலகத்தில் லட்சக்கணக்கில் உண்டு. உங்கள் தாத்தா சிரிக்கும் கேசட் ஒன்றே ஒன்றுதான்!

பரணில் இருந்தால் இன்றே இறக்குங்கள். படுக்க வைக்காமல், புத்தகம் போல நிமிர்த்தி, ஈரம் இல்லாத இடத்தில் வையுங்கள். நன்றாக ஓடும் டெக் வைத்திருப்பவரிடம் கொடுத்துப் பிரதி எடுங்கள்.

சந்திரன் படம் 109 ஆண்டுக்குப் பிறகு பிழைத்தது. பெட்டிக்குள் இருந்ததால் மட்டும் அல்ல. ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து கொடுத்ததால்!

சேர்ப்பது பாதி வேலை. திறந்து காட்டுவது மீதி வேலை.